பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே பெயிண்ட்: கொங்குப் பக்கத்துத் தண்ணீருக்கும் காத்துக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

பொள்ளாச்சித் தோப்பு, வால்பாறை எஸ்டேட், தாளவாடி மலைப்பாதை என்று கொங்குப் பக்கம் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகள் ஏராளம். சிஜே 3பி, எம்எம் 540, மேஜர் என எதுவாக இருந்தாலும் இன்ஜின் இன்னும் பத்து வருஷம் ஓடும்போல இருக்கும், தகடுதான் தாங்காது. வீட்டில் வைத்துப் பெயிண்ட் அடிக்க இதைவிடத் தோதான வண்டி கிடையாது. பெரும்பாலும் தட்டையான தகடு. போல்ட்டைக் கழற்றினால் பானெட், மட்கார்டு, கிரில், கண்ணாடி ஃபிரேம், பின்கதவு எல்லாம் தனித்தனியாகக் கைக்கு வந்துவிடும்.

ஆனால் எங்கோ எடுத்த வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் நம் ஊரில் மூன்று இடத்தில் கெட்டுப்போகும். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்பு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காத்து, சித்திரை வைகாசி வெயில். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வீட்டில் அடித்த பெயிண்ட் ஒரு வருஷத்தில் கொப்புளித்தால், பெயிண்டைக் குறை சொல்லும் முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

ஆர்.சி., நிறம், மாதம்

ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறம் இருக்கிறது. அதே நிறத்தை மறுபடி அடித்தால் பிரச்சினை இல்லை. மாற்றுவதாக இருந்தால் டின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, முறைப்படி பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது நிறம் ஒத்துப்போகாவிட்டால் திரும்பத்தான் வர வேண்டும்.

ஜீப் என்றதும் பலருக்கும் மிலிட்டரிப் பச்சைதான் ஆசை. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி இதைத் தெளிவாகத் தடுக்கிறது: பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. 'கொஞ்சம் மாத்தி அடிச்சிக்கலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரும்பச்சை, சாம்பல், கிரீம், சிவப்பு என்று இந்த வண்டிக்கு அழகாக இருக்கும் நிறங்கள் நிறைய இருக்கின்றன. பளபளப்பான கறுப்பை மட்டும் முதல்முறை அடிப்பவர்கள் தொட வேண்டாம். தகட்டில் உள்ள ஒவ்வொரு அலையும் கறுப்பில் தெரியும்.

மாதம் தை முதல் பங்குனிக்குள். மழை ஓய்ந்திருக்கும், காத்து அடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலையே நிற்காமல் சுத்துகிற காத்து. திறந்த இடத்தில் ஸ்ப்ரே பண்ணினால் பாதி பெயிண்ட் பக்கத்துக் காட்டுக்குப் போகும், மீதி புழுதியோடு தகட்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்திலும் ஸ்ப்ரே வேண்டாம். துரு நீக்குவது, தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை எல்லாவற்றையும் மார்கழியிலேயே ஆரம்பித்துவிட்டால் கடைசிப் பூச்சு மாசியில் விழும். முழு நேரமாகச் செய்தால் மூன்று நான்கு வாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயிண்ட்?

கடையில் மூன்று வகை சொல்வார்கள். என்.சி. என்கிற டக்கோ சீக்கிரம் காயும், நன்றாகப் பாலிஷ் ஏறும்; ஆனால் வெயிலுக்குச் சாயம் மங்கும். காட்டு வண்டிக்கு வேண்டாம். சிந்தெட்டிக் எனாமல் விலை குறைவு, பிரஷ்ஷிலும் அடிக்கலாம், கீறினால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் தொட்டுக்கொள்ளலாம். மெதுவாகக் காயும், மூன்று நான்கு வருஷத்தில் பளபளப்பு போகும். பி.யூ. என்கிற இரண்டு பாகப் பெயிண்ட், இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிப்பது. வெயில், டீசல், உரம் எல்லாவற்றுக்கும் தாங்கும்.

பி.யூ. ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த தடவை கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். துணி மாஸ்க்கும் மெடிக்கல் மாஸ்க்கும் இதற்கு எந்த விதத்திலும் உதவாது. பெயிண்ட் பூத்துகளில் வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று கொடுக்கும் முகமூடி போடுகிறார்கள். சரியான பாதுகாப்பு அதுதான். அந்த வசதி இல்லாதவர்களுக்கு எங்கள் யோசனை இரண்டு. தோட்ட வேலைக்கு ஓடும் வண்டி என்றால் வீட்டில் எனாமல் அடியுங்கள். அதற்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்த ரப்பர் மாஸ்க், கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். பி.யூ.தான் வேண்டும் என்றால் பிரைமர் தேய்ப்பு வரை வீட்டில் முடித்துவிட்டு, கடைசிப் பூச்சுக்கு மட்டும் பாகங்களைப் பூத்துக்கு ஏற்றிவிடுங்கள். செலவில் பெரும்பகுதி தேய்ப்புக் கூலிதான், அது மிச்சமாகிவிடும். வீட்டில் யாருக்காவது இழுப்பு, ஆஸ்துமா இருந்தால் அங்கே பி.யூ. டின்னைத் திறக்கவே வேண்டாம்.

கரூரில் பஸ் பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் லாரி, போர்வெல் போடும் ரிக் பாடியும் கட்டுகிறார்கள். அந்த ஊர்களின் பெயிண்ட் கடைகளில் பிரைமர், ஹார்டனர், தின்னர் எல்லாம் ஒரே கம்பெனியில் செட்டாகக் கிடைக்கும், கேட்ட நிறத்தைக் கலந்தும் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். மொத்தமாக ஒரே நாளில், ஒரே பேட்ச் நம்பரில்.

எவ்வளவு வாங்குவது?

குட்டை ஜீப்பின் பாடியை உள்ளும் புறமும் அளந்தால் சுமார் 20 சதுர மீட்டர் வரும். அடிப்பாகத்துக்கு மேல்நிறம் தேவையில்லை. வெறும் தகட்டில் முதலில் அடிக்கும் எபாக்சி பிரைமர் 3 லிட்டர் (அதற்கான ஹார்டனர் தனி), மேல்நிறத்துக்கு முன் அடித்துச் சமமாகத் தேய்க்கும் சர்ஃபேசர் 2 லிட்டர், மேல்நிறம் 3 முதல் 4 லிட்டர், பள்ளம் நிரப்பும் பாலியஸ்டர் பட்டி 2 கிலோ, தின்னர் 5 லிட்டர், மூட்டுகளுக்கு சீம் சீலர் இரண்டு டியூப். எமரி என்கிற தேய்ப்புத் தாளில் 80, 120, 180, 320, 400, 600 நம்பர்கள். 80-ம் 320-ம் அதிகம் செலவாகும். ஜீப்பின் பட்டி வேலை 2 கிலோவைத் தாண்டினால் டிங்கர் வேலை போதவில்லை என்று பொருள்.

கம்பிரசர் குறைந்தது 2 எச்.பி., டாங்க் 50 லிட்டருக்கு மேல். 1 எச்.பி. சின்ன கம்பிரசரில் பானெட்டின் பாதியிலேயே காத்து இறங்கும். பெயிண்ட் தூளாகத் தெறித்து, பாதிப் பானெட் வழவழப்பாகவும் பாதி மணலாகவும் நிற்கும். ஸ்ப்ரே கன்னுக்கு முன்னால் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். டாங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தினமும் தண்ணீரை வடித்துவிடுங்கள். தோட்டத்து இலவச மின் இணைப்பில் இதையெல்லாம் ஓட்டக் கூடாது. வீட்டு இணைப்பில், தடித்த வயரில் ஓட்டுங்கள். நீளமான ஒல்லி வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும்.

கழற்றுவது

பேட்டரியை முதலில் எடுங்கள். பழைய மாடல்களில் டீசல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். அதைக் கழற்றி வேலை நடக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி வைத்துவிடுங்கள். காலியான டாங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும், வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ. போல்ட்டுகள் தனித்தனிக் கவரில், மேலே எழுதிய சீட்டோடு. வயரிங் முனைகளுக்குத் துணி டேப் சுற்றி நம்பர் போடுங்கள்.

துருப்பிடித்த போல்ட்டில் முதல் நாள் இரவே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிவிடுங்கள். கழுத்து அறுந்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு இரவு காத்திருக்கலாம். பாடியை சேசிஸிலிருந்து தூக்க முடிந்தால் தூக்குங்கள். ஆறு பேர் போதும். சேசிஸ் நம்பர் குத்திய இடத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். கிரைண்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது, பட்டியும் பிரைமரும் அதன்மேல் ஏறக் கூடாது. எஃப்.சி.யின்போது அந்த எண்ணைத்தான் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள்.

கழுவுவது

இதை அரைமணி நேர வேலை என்று நினைக்கிறார்கள். கொப்புளமும், மீன்கண் என்கிற வட்டக் குழியும் பெரும்பாலும் இங்கேதான் உருவாகின்றன.

எமரியை எடுக்கும் முன் எண்ணெய் போக வேண்டும். எண்ணெயோடு தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. சர்வீஸ் ஸ்டேஷனில் டீசல் அடித்துக் கழுவிய வண்டியின் அடிப்பாகத்தில் ஒரு படலம் நிற்கும். சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு இரண்டு தடவை தேய்த்துக் கழுவுங்கள்.

கடைசி அலசலுக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டாம். ஒரு எவர்சில்வர் தட்டில் உங்கள் போர்வெல் தண்ணீரை நாலு சொட்டு விட்டு வெயிலில் காய வையுங்கள். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை வளையமாகக் காயும். அதே வளையம் தகட்டிலும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில். அதன்மேல் பிரைமர் அடித்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. முதல் மழைக்காலத்தில் அந்த உப்பு பெயிண்டின் ஊடாக ஈரத்தை உள்ளே இழுக்கும். கடுகு சிதறின மாதிரி சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பும்; ஊசியால் குத்தினால் தண்ணீர் வரும், அடியில் தகடு பழுப்பாகியிருக்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கவலையில்லை. மற்றவர்கள் மழைத்தண்ணீரோ, 20 லிட்டர் குடிநீர் கேன் இரண்டோ கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள், அதில்தான் உப்பு இன்னும் அதிகம்.

அடுத்தது துடைக்கும் துணி. திருப்பூர்ப் பக்கம் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். கிரீஸ் துடைக்க அது அருமையான துணி. பெயிண்டுக்கு முன் துடைக்க ஆகாது. பனியன் துணி மென்மையாக இருக்க ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னர் ஏற்றுவது வழக்கம். அதில் ஒரு துளி தகட்டுக்கு வந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகும். சாயத் துணியாக இருந்தால் தின்னரில் சாயமும் இறங்கும். பலமுறை துவைத்த பழைய வெள்ளை வேட்டி கிழிசல்தான் சரி, கஞ்சியும் நீலமும் போடாதது. ஒரு துணியில் கிரீஸ் எடுக்கும் திரவத்தைத் தொட்டு ஒரு முழ அகலம் துடைத்து, அது காயும் முன் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். காயவிட்டால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. டாஷ்போர்டு, டயர் பாலிஷ் ஸ்ப்ரேக்களை வேலை முடியும்வரை அந்த வளாகத்துக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

பழைய பெயிண்டும் துருவும்

பழைய பெயிண்ட் எது என்று தெரிய, தின்னர் நனைத்த துணியை ஒரு மூலையில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் துணியில் வழித்துக்கொண்டு வந்தால் என்.சி. பால் ஆடை மாதிரிச் சுருங்கினால் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் பி.யூ. அல்லது கம்பெனியில் சுட்ட பெயிண்ட். முதல் இரண்டில் எது இருந்தாலும் அதன்மேல் பி.யூ. அடிக்காதீர்கள், புதுப் பூச்சின் தின்னர் அடியில் இறங்கிப் பழையதைத் தூக்கிவிடும். தகடு வரை எடுத்துவிடுவதுதான் வழி.

எடுப்பதற்கு ஸ்ட்ரிப்பர் ஜெல், ஆங்கிள் கிரைண்டரில் ஸ்ட்ரிப் டிஸ்க் இரண்டும் போதும். கிரைண்டிங் டிஸ்க் வேண்டவே வேண்டாம், தகட்டைத் தின்றுவிடும். கோவையில் வார்ப்பட ஃபவுண்டரி வேலைக்கு ஷாட் பிளாஸ்டிங் செய்யும் இடங்கள் உண்டு. சேசிஸ், பிராக்கெட், வீல் டிஸ்க்கை அங்கே கொடுக்கலாம். பானெட்டையும் பக்கத் தகட்டையும் கொடுத்தால், பம்ப் வார்ப்படத்துக்கு ஏற்ற குண்டு மெல்லிய தகட்டை அடித்து நீட்டிவிடும். அப்பளம் மாதிரி நெளிந்து வரும், அதைத் தட்டி நேராக்க முடியாது.

துரு எங்கே ஒளிந்திருக்கும்? தரை ரப்பர் மேட்டுக்கு அடியில், சீட்டுக்குக் கீழே உள்ள டூல் பாக்ஸ் மூலையில், பின்சக்கர வளைவு தரையோடு சேரும் இடத்தில், கண்ணாடி ஃபிரேமின் கீழ்ப் பட்டையில், பாடிக்கு அடியில் ஓடும் தொப்பி வடிவ சேனலுக்குள். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். சத்தம் அடங்கின இடத்தில் முனையால் குத்துங்கள். இறங்கினால் அந்த இடத்தை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில் துண்டு வெட்டி வெல்டு வைக்க வேண்டும். ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டில் ஓட்டை போடும். மிக் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக, ஒரு பொட்டு இங்கே அடுத்தது எதிர்ப்பக்கம் என்று வைத்தால் சூட்டில் நெளியாது. ஓட்டையின்மேல் ஃபைபரும் பட்டியும் பூசி மறைத்தால் பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி ஒரே மழைக்காலத்தில் கழன்று விழும்.

மேல்துருவை வயர் பிரஷ், 80 எமரியில் எடுங்கள். குழிக்குள் நிற்கும் கரும்புள்ளிக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி. டின்னில் சொன்ன நேரம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் முழுசாக அலசி உலர்த்துங்கள். அமிலம் மிச்சம் இருக்கும் தகட்டில் எபாக்சி பிடிக்காது. தேய்த்த வெறும் தகட்டை ஒரு இரவுகூட அப்படியே விடக் கூடாது. மறுநாள் காலைப் பனிக்கே சிவந்துவிடும். காலையில் தேய்த்த பாகத்துக்கு மாலைக்குள் எபாக்சி பிரைமர் அடித்து முடிக்கும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எபாக்சி ஹார்டனரின் விகிதம் டின்னுக்கு டின் மாறும். அளவு போட்ட கப்பில் அளந்து ஊற்றுங்கள், கண் அளவு வேண்டாம். கலந்தபின் 15 முதல் 30 நிமிடம் அப்படியே வைக்கச் சொல்லியிருந்தால் வையுங்கள். அடித்த மறுநாள், தகடுகள் சேரும் எல்லா மூட்டிலும் சீம் சீலர்.

பட்டி பார்ப்பது

முதலில் டிங்கர் சுத்தியலும், தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டியான டாலியும். பள்ளம் 2 மி.மீ.க்குள் வரும்வரை தகட்டையே நிமிர்த்துங்கள். கல்லிலும் குழியிலும் குலுங்கி ஓடும் வண்டி இது. தடித்த பட்டி ஒருநாள் அப்படியே வில்லையாகக் கழன்றுவரும்.

பட்டிக்கு ஹார்டனர் எடையில் 2 சதவீதம். எலுமிச்சம்பழ அளவு பட்டிக்கு இரண்டு நிலக்கடலைப் பருப்பு அளவு. சித்திரை வெயிலில் மூன்று நான்கு நிமிடத்தில் இறுகிவிடும் என்பதால் ஒரு நேரத்தில் உள்ளங்கை அளவுக்கு மேல் கலக்காதீர்கள். 'சீக்கிரம் காயட்டும்' என்று ஹார்டனரைக் கூட்டினால் வாரம் கழித்து மேல்நிறத்தில் மஞ்சள் கறையாக மேலே வரும். கலவை முழுக்க ஒரே நிறமாக வரவேண்டும். கோடு கோடாகத் தெரிந்தால் சில இடம் கல்லாகும், சில இடம் களிமண்ணாகவே நிற்கும். 180 எமரியில் உரசின எபாக்சியின் மேல் பட்டி வைப்பது நல்லது, தகட்டுக்கு ஈரம் போகாது.

தேய்ப்பு உலர்ந்ததாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் பட்டி தண்ணீரைக் குடிக்கும்; குடித்த தண்ணீர் பிறகு கொப்புளமாக வெளியே வரும். பழைய மேஸ்திரிகள் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது வேறு வகைப் பட்டிக் காலத்துப் பழக்கம். ஒரு முழ நீளக் கட்டையில் 80 எமரியைச் சுற்றி, ஒருமுறை இடமிருந்து வலமாகச் சாய்த்து, அடுத்தமுறை எதிர்ச் சாய்வில் தேயுங்கள். வெறும் விரலால் எமரியை அழுத்தித் தேய்த்தால் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழும்.

கண்ணை நம்பாதீர்கள், கறுப்புத் தூவலை நம்புங்கள். தேய்த்த பட்டியின் மேல் கறுப்பு ஸ்ப்ரே டின்னைத் தள்ளிப் பிடித்துப் புகைபோல லேசாகத் தூவுங்கள். மறுபடி 120-ல் தேய்க்கும்போது மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் நிற்கும். நிற்கும் கறுப்பைத் துரத்தி அந்த இடத்தை மட்டும் ஆழமாகத் தேய்க்கத் தோன்றும். தேய்த்தால் பள்ளம் பெரிதாகும். அங்கே இன்னொரு மெல்லிய பட்டி இழுத்து முழுப் பரப்பையும் சேர்த்துத் தேயுங்கள். பிறகு துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்து, கண்ணை மூடித் தடவுங்கள். துணி இருந்தால் கை வழுக்கிப் போகும், வெறும் கைக்குத் தெரியாத மேடுபள்ளம் அதில் தெரியும். கடைசி ஊசித்துளைகளுக்கு மெல்லிய பாலியஸ்டர் ஸ்டாப்பர். என்.சி. பட்டி வேண்டாம், அது மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும், முடிந்த பெயிண்டில் ஓரம் கோடாகத் தெரியும்.

பிறகு சர்ஃபேசர் இரண்டு பூச்சு, நடுவில் 10 நிமிடம், 1.6 முதல் 1.8 மி.மீ. நாசில். ஓர் இரவு விட்டு மீண்டும் கறுப்புத் தூவல். 320, பிறகு 400. மெட்டாலிக் நிறம் என்றால் 600 வரை. ஓரங்களில் தகடு தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்கு மறுபடி எபாக்சி.

இடமும் நேரமும்

தோட்டத்து வீடான சாளையில் மாட்டுக் கொட்டகையோ, கொப்பரைக் கொட்டகையோ காலியாக இருந்தால் போதும். தென்னங்கீற்றுக் கூரை என்றால் தூசு உதிரும், தீப்பிடிக்கும். உள்பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள், முடிந்தால் சீட்டுக் கூரைக்கு மாறுங்கள். பக்கத்தில் நார் மில், விசைத்தறி, கோழிப்பண்ணை இருந்தால் எந்த நேரத்தில் தூசு பறக்கிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். நூற்பஞ்சு ஈரப் பெயிண்டில் ஒட்டினால் எடுக்க முடியாது. சுவருக்குப் பிளாஸ்டிக் ஷீட், தரையில் தண்ணீர் தெளிப்பு. புகை வெளியேற எதிரெதிராக இரண்டு திறப்பு வேண்டும். உள்ளே அடுப்பு, பீடி, பொறி தட்டும் பழைய ஃபேன், எதுவும் கூடாது. குழந்தைகளையும் மாடுகளையும் அன்றைக்கு வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நேரம் காலை எட்டரைக்கு மேல். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் அதற்கு முன் தகடு பனியில் வேர்த்திருக்கும். கையை வைத்தால் குளிர்ச்சியாக இருந்தால் காத்திருங்கள். பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலம் லைட் போட்டு அடித்தால் பூச்சி முழுக்க பானெட்டுக்கு வரும்.

அடிப்பது

கம்பெனி சொன்ன தின்னரைத்தான் சேர்க்க வேண்டும். விலை குறைவு என்று பி.யூ.வில் என்.சி. தின்னர் ஊற்றினால் அதில் உள்ள ஆல்கஹால் ஹார்டனரைத் தின்றுவிடும்; பெயிண்ட் காய்ந்த மாதிரி இருந்தாலும் நகம் பட்டால் பதியும். பங்குனிக்கு மேல் ஸ்லோ தின்னர் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தின்னர் அந்த வெயிலில் கன்னுக்கும் தகட்டுக்கும் நடுவிலேயே ஆவியாகி, பெயிண்ட் சொரசொரப்பாக விழும். கலந்ததை வலை ஃபில்டரில் வடிகட்டி ஊற்றுங்கள்.

நாசில் 1.3 அல்லது 1.4 மி.மீ., கன் பிடியில் 30 முதல் 40 பி.எஸ்.ஐ., தூரம் ஒரு சாண். சுவரில் ஒட்டிய நியூஸ்பேப்பரில் அடித்துப் பாருங்கள். நீளமான முட்டை வடிவம், இரண்டு முனையும் ஒரே அளவு. பின்னர் உள்பக்கம், தரை, டாஷ், கதவு ஓரங்கள், கடைசியாக வெளிப்பக்கம். மணிக்கட்டை ஆட்டாமல் தோளோடு நகருங்கள். தகட்டுக்கு முன்பே டிரிக்கரை அழுத்தி, தாண்டியபின் விடுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தினதில் பாதியை மூட வேண்டும்.

முதல் பூச்சு லேசாக, அடியில் பிரைமர் தெரியும் அளவுக்கு. 10 முதல் 15 நிமிடம் கழித்து, டேப்பில் விழுந்த பெயிண்டைத் தொட்டால் நூல் இழுக்காமல் பிசுபிசுத்தால் அடுத்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ஈரமாக. இந்த நேரத்தில் பெயிண்டைப் பார்க்காதீர்கள், அதில் தெரியும் வெளிச்சத்தைப் பாருங்கள். வாசலின் ஓரக்கோடு ஈரத்தில் நேராகத் தெரிந்தால் சரியான அளவு. கோடு புள்ளிபுள்ளியாக உடைந்தால் வேகம் அதிகம் அல்லது தூரம் அதிகம். கோடு கீழே சரிய ஆரம்பித்தால் அடுத்த நொடி வழியப்போகிறது, கையை எடுத்துவிடுங்கள். எனாமலுக்கு இரண்டு பூச்சு போதும், நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

கெட்டால் என்ன செய்வது

வழிந்துவிட்டால் துடைக்காதீர்கள். காயவிட்டு, பிளேடால் மேட்டை மட்டும் சீவி, 1500, 2000 தண்ணீர் எமரி, பிறகு பாலிஷ். மீன்கண் மாதிரி வட்டக் குழி விழுந்தால் எண்ணெய் அல்லது சிலிக்கான். மேலே மேலே அடித்தால் குழி ஆழமாகும். நிறுத்திவிட்டுக் காயவையுங்கள், தேய்த்து எடுத்துவிட்டுக் கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பூச்சி விழுந்தால் அப்படியே விடுங்கள். காய்ந்தபின் கால்தடம்கூட இல்லாமல் எமரியில் போகும். ஆரஞ்சுத் தோல் மாதிரி வந்திருந்தால் கெட்டியாகக் கலந்திருக்கிறீர்கள் அல்லது காத்து குறைவு; பூச்சு போதிய கனம் இருந்தால் தேய்த்துப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யலாம். ஓரங்களில் தேய்க்காதீர்கள், அங்கே பெயிண்ட் மெலிந்திருக்கும். அடியிலிருந்து சுருங்கி எழும்பினால் மட்டும் மருந்து இல்லை. அந்தப் பாகத்தைத் தகடு வரை எடுக்கத்தான் வேண்டும்.

சேர்ப்பது

பி.யூ. மறுநாள் கையில் எடுக்கலாம், ஆனால் போல்ட் முறுக்க மூன்று நாளாவது விடுங்கள். எனாமலுக்கு இரண்டு வாரம். முதல் வாரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், ஒரு மாதத்துக்கு வேக்ஸ் வேண்டாம். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் புது ரப்பர், போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர். பழைய ரப்பரையே வைத்தால் பாடி ஆடி, போல்ட்டைச் சுற்றி வளையமாகப் பெயிண்ட் உடையும்.

சேனல்களுக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் கேவிட்டி வேக்ஸ் பீய்ச்சுங்கள். தரையிலும் சேனலிலும் உள்ள வடிகால் ஓட்டைகளைப் பட்டியும் பெயிண்டும் அடைத்திருக்கும். ஒவ்வொன்றையும் கம்பியால் திறந்து, உள்ளே நல்ல தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள். துருவின்மேல் தார் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். அடிப்பாகத்துக்கு எபாக்சியும் அதன்மேல் சேசிஸ் கறுப்பும் போதும்.

மிச்சப் பெயிண்டை ஒரு சின்ன டின்னில் விளிம்புவரை நிரப்பி, மூடியில் நிற எண்ணும் பேட்சும் தேதியும் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். திறந்த ஹார்டனர் காற்றின் ஈரத்திலேயே இறுகிவிடும், அதை வைத்திருந்து பயனில்லை. தேவைப்படும்போது சின்னப் பாட்டில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் கிளுவை முள்வேலியில் உரசி வரும் கீறல் பிரைமர் தெரியும் அளவுக்கு இறங்கியிருந்தால், அந்த வாரமே 400-ல் உரசி, எபாக்சி ஒரு தொடல், மேல்நிறம் இரண்டு தொடல் வைத்துவிடுங்கள்.